ஸ்கொட்லாந்துக் கிழவி நீதானாம்

என் அன்பு மச்சாள் பிலோமினாவுக்கு,

வரும் சனிக்கிழமை உன் முப்பத்தோராம் நாள் திருப்பலி. பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் உன் குரலை எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்று உன் மகன் ஜூட் விரும்புகிறான். "மாமி, அம்மாவின்ர சொந்தக் குரல் எதெண்டு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே ஒண்டை எடுத்துத் தாங்கோ" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. கொன்வென்டில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் நீ. பிறகு என் அண்ணாவைக் கட்டி எங்கள் வீட்டுக்கே வந்தவள். உன் குரல் எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

நான் இருக்கும் பாபடோயிட்டோய்க்கு வந்து அவனே என்னைக் கிளென்ஃபீல்டில் நீ கடைசியாக அவனோடு இருந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நீ லண்டனில் நடித்த வானொலி நாடகங்களின் கசெட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறான். தொலைக்காட்சி நாடகங்கள் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவற்றில் உனக்கு எப்போதும் தாதி வேடம், இல்லாவிட்டால் மூலைக்கடைக்காரரின் மனைவி. தலை நரைத்த பிறகு அந்தக் கடைக்காரரின் தாய். அதற்கென்று அவர்கள் கேட்ட ஆங்கில உச்சரிப்பை நீ எங்கே பிடித்தாய் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் வீடுகளில் ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. வானொலியில்தான் உன் முகம் யாருக்கும் தெரியவில்லை. கொழும்பில் தொடங்கி எழுபது வயது தாண்டும்வரை வானொலியில் நீ சீமாட்டியாக, ஐரிஷ் சமையற்காரியாக, ஒருமுறை சின்னப் பையனாகவும் இருந்தாய்.

சாப்பாட்டு மேசையில் இருந்து பின்னேரம் முழுதும் கேட்டேன். எது நீ என்று பிடிபடவில்லை. போதும் என்று சொல்ல நினைத்த நேரத்தில் ஒரு நாடகம் வந்தது. வாடகை அறையில் குடியிருக்கும் ஒரு பெண், யன்னலைச் சாத்திவிட்டுத் தன் தங்கையிடம் எதையோ மெதுவாகச் சொல்கிறாள். ஒரு சொல்லின் கடைசி ஒலியைக்கூட அவள் விழுங்கவில்லை. கன்னியாஸ்திரிகள் நமக்குப் படிப்பித்த அதே ஆங்கிலம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதுதான் ஜூட், உன்ர அம்மா" என்றேன்.

அவன் நாடகத்தின் முடிவுக்கு ஓட்டி, நடித்தவர்களின் பெயர்களை வாசிக்கும் இடத்தைப் போட்டான்.

"மாமி, அது வேற அக்ட்ரஸ். வெள்ளைக்காரி. அம்மா நடிச்சது அந்த வீட்டுச் சொந்தக்காரியா."

படியில் சேறு மிதித்ததற்காக அந்தப் பெண்ணை ஸ்கொட்லாந்து ஆங்கிலத்தில் ஏசித் தீர்க்கும் கிழவி நீதானாம். காது வலிக்கிறது, சத்தத்தைக் குறை என்று நான் சொன்னது அந்தக் கிழவிக்குத்தான்.

ஜூட் அந்த இடத்தை மறுபடி போட்டான். மேலே இருந்த உன் பேத்தி ஏமி இறங்கி வந்து, பாதிப் படியில் நின்று சிரித்தாள், பிறகு அழுதாள். குளியலறையில் ஈரத் துவாயைக் கீழே போட்டால் அப்பம்மா இப்படித்தான் ஏசுவா என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஜூட்டும் தலையாட்டினான். சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கு எழுப்பியதும் அந்தக் கிழவிதானாம். அவர்களுக்கு அதுதான் நீ.

அப்படியென்றால் நான் யாரைக் கேட்டு அழுதேன்? வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அந்த வெள்ளைக்காரி கதைத்த விதம் நான் கதைக்கும் விதம். இத்தனை காலமும் என் ஆங்கிலத்தைத்தான் உன் வாயில் வைத்துக் கேட்டேனா?

என்னோடு நீ தமிழில்தான் கதைப்பாய். என் கணவர் இறந்த கிழமை லண்டனிலிருந்து ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தாய். "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்பாய். நான் ஓம் என்று சொல்லும்வரை வைக்கமாட்டாய். அந்தக் குரலை ஒருவரும் பதிவு செய்யவில்லை, அதற்கு எந்த நாடகத்திலும் வேலை இருக்கவில்லை. ஆனால் தாதி வேடத்தில் நோயாளிகளிடமும் நீ அப்படித்தான் தணிந்து கேட்பாய் என்பது இப்போது ஞாபகம் வந்து தொலைக்கிறது. அதுவும் எனக்கென்று நீ பிடித்த குரல்தானா? அப்படியே என்றாலும் என்ன குறை? அந்தக் கிழமை நான் சாப்பிட்டேனே. எனக்குத் தெரியவில்லை பிலோ. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் நான் என்பது உனக்குத் தெரியும்.

நேற்று ஜூட் தொலைபேசியில் கேட்டபோது அந்தக் கிழவியையே போடச் சொன்னேன். மண்டபத்தில் பாதிப் பேருக்கு அந்த ஆங்கிலம் விளங்காது. விளங்குகிறவர்கள், செத்துப்போனவளை இப்படியா நினைப்பது என்று முகம் சுளிப்பார்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். யாராவது என் பக்கம் திரும்பி, பிலோமினா இப்படியா கதைப்பா என்று கேட்டால், இல்லை என்று திருத்த மாட்டேன். "ஓம், இப்படியும் கதைப்பா" என்பேன். உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இவ்வளவுதான்.

எந்தக் குரலில் கூப்பிட்டாலும் உன் மச்சாள்,
அக்னஸ்