பூந்திக்கு வைத்த சீர்

ராஜா அண்ணாமலைபுரம்,
திங்கள் காலை.

அன்பு மகள் நிஷாவுக்கு, அப்பா எழுதுவது. எனக்கு ரத்த அழுத்தம், அம்மாவுக்கு முழங்கால், மற்றபடி இருவரும் நலம், அந்த ஊர்க் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு மறுநாள் எனக்குச் சொன்னாயே, அந்தக் கோபம் மூன்று வருடமாகியும் தீரவில்லை, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

விஷயம், பூந்திக்கு நல்ல வீடு அமைந்து நேற்று அனுப்பிவைத்தோம். அடையாறு பாலத்தில் வண்டி ஏறி ஒரு பின்னங்காலை இழந்தவளை, வேறு வீடு கிடைக்கும்வரை பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாய்களை மீட்கிறவர்கள் அம்மாவிடம் விட்டுப்போனது உனக்குத் தெரியும். பத்து நாள் எட்டு மாதமானதற்குக் காரணம் நான்தான், பார்க்க வந்தவர்களையெல்லாம் தட்டிக்கழித்தேன். ஒருவர் மொட்டைமாடியில் கட்டிப்போடுவேன் என்றார், இன்னொருவர் மூன்று கால் என்று முன்னாலேயே சொல்லக்கூடாதா என்றார், உங்களுக்கு எத்தனை பல் மிச்சம் என்று கேட்டு அனுப்பிவிட்டேன். ஜாதகம் கேட்காததுதான் பாக்கி என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் மேற்கு மாம்பலத்திலிருந்து ஹம்சினி என்ற பெண் வந்தாள், தரைத்தளத்து வீடு, படியேறும் சிரமம் இல்லை. நான் ஐந்தாவது கேள்வி கேட்பதற்குள் பூந்தி அவள் மடியில் ஏறிக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள், எட்டு மாதம் சோறு போட்டவன் எதிரிலேயே.

நேற்று அம்மா மாட வீதியில் மல்லிகைச் சரம் வாங்கிவந்து பூந்தியின் கழுத்தில் கட்டினாள். பாய், தட்டு, தயிர்சாத டப்பா, அவள் கடித்துக் கிழித்த என் பழைய சட்டை எல்லாவற்றையும் ஆட்டோவில் நானே அடுக்கினேன். ஆட்டோ நாகராஜ், இன்னா சார், பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்புற மாதிரி சீரு வச்சிக்கினு கீற, மேளம் ஒண்ணுதான் கொறை என்றான். நான் ஆறு வருடமாகப் பேசாத எதிர்வீட்டு ராமானுஜம் பால்கனியிலிருந்து கையசைத்தார், அது பூந்திக்கு என்று எடுத்துக்கொண்டேன். அவளோ வாலை ஆட்டியபடி தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனாள், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அத்தனை சந்தோஷம் அவளுக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன், அம்மாகூட பயந்துபோனாள்.

வீட்டுக்குள் வந்த பிறகுதான் நாகராஜ் சொன்னது உறைத்தது. உனக்கு நான் ஒரு முழம் பூகூட வாங்கவில்லை. நீ கூப்பிடவில்லை என்பது உண்மை. அதன் பிறகு வருடாவருடம் நீங்கள் இருவரும் கூப்பிட்டும் நான் வரவில்லை என்பதும் உண்மை.

டிசம்பரில் இருவரும் வாருங்கள். சீர்த்தட்டு ஒன்பதா பதினொன்றா என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள். என் கோபம் அப்படியேதான் இருக்கிறது, அதை நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரையை மறக்காதே. நீயும் மாப்பிள்ளை ஷரஃபுதீனும் எல்லா நலமும் பெற்று வாழ எங்கள் ஆசி. அவருடைய போன் நம்பரை அனுப்பு, வேட்டிக்கு எந்தக் கரை பிடிக்கும் என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அசோகன்