முழுவதும் நிரப்பப்பட்டது

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை கூசுகிறது, அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி. இஸ்திரி மேஜைக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்கிறார், அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார். என் பெண், உன் மருமகள், வேலையில் சேர்ந்துவிட்டாள். உனக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று தினமும் சொல்கிறாள், தினமும் மறக்கிறாள்.

நம் தெருக்கோடியில் இருந்த பழைய டிராம் பணிமனையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இருபத்திரண்டு மாடிக் கட்டடம் வருகிறதாம். கீழே கடைகள், மேலே வீடுகள், உச்சியில் நீச்சல் குளம். குளிப்பதற்கு எதற்கு அத்தனை மாடி ஏற வேண்டும் என்று மாமா கேட்கிறார். காலை எட்டு மணிக்கெல்லாம் தூண் இறக்கும் இயந்திரம் ஆரம்பித்துவிடுகிறது. அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நம் சலவைக் கடையில் தொங்கும் சட்டைகள் எல்லாம் சேர்ந்து தோளைக் குலுக்குகின்றன. முதல் நாள் சிரித்தோம். இப்போது பின்சுவர் விரிசலில் என் சுண்டுவிரல் நுழைகிறது.

போன வாரம் கட்டடக் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். சின்னப் பெண், வெயிலில் கறுத்துப்போய், தண்ணீர் கேட்டு இரண்டு செம்பு குடித்தாள். நம் வரிசை வீடுகளுக்கு அடியில் டிராம் சுரங்கம் போனதே, அதன் பழைய வரைபடம் அவள் கையில் இருந்தது. டிராம் நின்று இருபத்துமூன்று வருஷம் ஆகிவிட்டது. கீழே அப்படி ஒன்று இருந்தது என்றே இப்போது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. சுரங்கத்தின் மேல் சிவப்பு மையில் "முழுவதும் மணலால் நிரப்பப்பட்டது" என்று எழுதி, கீழே ஓவர்சியர் கையெழுத்து. கடைசி எழுத்துக்கு அடியில் இரண்டு கோடு. மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை நீயே போட்டபோதும் அந்த இரண்டு கோடுதானே உன்னைக் காட்டிக்கொடுத்தது.

அந்தப் பெண் என்னிடம், "இங்க எங்கயாவது தரைக்கு அடியிலேர்ந்து காத்து வருதாக்கா? பழைய மூடி, கம்பி, ஓட்டை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டாள். கெட்டித் தரைதான் அம்மா என்று சொன்னேன். சொல்லும்போது நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் தெரியுமா? பின்கட்டில், சலவைத் தொட்டிக்குப் பக்கத்தில், சுரங்கத்துக்குக் காற்று போக வைத்த அந்த இரும்புக் கிராதியின் மேலேயேதான். பாதியை ஈரத்துணிக் கூடையால் மறைத்து மீதியில் ஏறி நின்றுகொண்டேன். இயந்திரம் அடிக்கும்போதெல்லாம் அடியிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்து சேலையைத் தூக்குகிறது, நான் இரண்டு கையாலும் கொசுவத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்குக் கதை சொல்கிறேன். பொய் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மாடியைக் குழந்தைகள் காப்பகத்துக்கு வாடகைக்கு விட்டிருப்பது உனக்குத் தெரியும். இருபத்தாறு குழந்தைகள். இரண்டு நாளாக அவர்களுக்கு ஒரு புது விளையாட்டு. பந்தை எந்தப் பக்கம் உருட்டினாலும் அது ஒரே மூலைக்குப் போய் நின்றுவிடுகிறதாம். கைதட்டிச் சிரிக்கிறார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "பயப்படணுமாக்கா?" என்று என்னிடம்தான் வந்து கேட்டாள். பயமில்லை என்று அவளுக்கும் சொல்லிவிட்டேன்.

உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். முழுவதும் நிரப்பினதை நீ கடைசிவரை நின்று பார்த்தாயா? போனில் கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் லைன் சரியில்லை. கடிதத்துக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. பதில் எழுது.

அன்புடன்,
அக்கா

---

ஞாயிற்றுக்கிழமை

தம்பிக்கு,

எட்டாம் நாள் உன் பதில் வந்தது. நாலு வரி. "பழசைக் கிளறாதே அக்கா. ரெக்கார்டுல இருக்கறதுதான் உண்மை. பயமா இருந்தா வீட்டைப் பூட்டிட்டு நீயும் மாமாவும் இங்க வந்துடுங்க" என்று எழுதியிருக்கிறாய். இருபத்தாறு பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டா வருவேன்? கோபம் வந்தது. தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை மதியம், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், மாடித் தரை பின்பக்கமாக ஒரு சாண் இறங்கியது. சுவரோரம் இருந்த அலமாரி சாய்ந்தது. டீச்சர் ஓடிப்போய்க் கையால் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அவள் மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. அலமாரிக்கு நேர் கீழே மூன்று வயதுப் பிள்ளை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பித் தூக்கின பிறகுதான் அது அழுதது. நானும் மாமாவும் எல்லோரையும் இறக்கிக்கொண்டு வந்து கடையில் துணிக்கூடைகளுக்கு நடுவில் உட்காரவைத்தோம். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தும் மூன்றாம் முறை எண்ணினேன்.

டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். ஆட்டோவில் அவள் வலியை மென்று விழுங்கிக்கொண்டே, "நீங்க பயமில்லைன்னு சொன்னீங்க, அதனாலதான்க்கா நான் வேற இடம் பார்க்கலை" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தன் பக்கத்து நியாயமாகச் சொன்னாள்.

காப்பகத்தைப் பூட்டியாகிவிட்டது. நாங்கள் மாமாவின் தங்கை வீட்டில் இருக்கிறோம். வரிசையில் மற்றப் பத்து வீட்டுக்காரர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். இயந்திரத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் கூட்டம். கீழே கெட்டியாக நிரப்பியிருப்பதாக வரைபடம் சொல்வதால், எங்கள் வீட்டுச் சுவர்தான் சொத்தை என்று எழுதி முடித்துவிட்டு, சனிக்கிழமை மறுபடி அடிக்கத் தொடங்குவார்களாம்.

நாம் இருவரும் ஒருநாளும் பேசாத ஒன்றை இப்போது எழுதப்போகிறேன். வரைபடத்தில் உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தேதி உன் மருமகள் பிறந்த தேதி. அன்றைக்கு எனக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், மாமா உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். மணல் லாரிகள் அங்கே நின்றுகொண்டிருந்தன. ஒப்பந்தக்காரர் நீட்டின தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, எனக்கு ரத்தம் கொடுக்க நீ ஓடி வந்தாய். அந்த ஆள் மீதி மணலைக் கொட்டாமலே சுரங்கத்தின் இரண்டு வாயையும் அடைத்துவிட்டுப் போய்விட்டான். அதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். யார் சொன்னாலும் அவர்களைச் சும்மா விட மாட்டேன்.

ஆனால் அடுத்த மாதம் நீ குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தாய். பின்கட்டில் கை கழுவப் போனவன் திரும்பி வரவில்லை. வந்து பார்த்தால் கிராதியின் மேல் உள்ளங்கையை விரித்துவைத்துக்கொண்டு குந்தியிருந்தாய். நிரப்பின பிறகு நின்றிருக்க வேண்டிய காற்று உன் கையில் அடித்துக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன். பசிக்கவில்லை என்று போய்விட்டாய். இரண்டே மாதத்தில் வெளிநாடு. எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. புரிந்துகொண்டு நான் என்ன செய்தேன்? மழைக்காலத்தில் அந்தக் காற்றில் ஊரார் துணியை எல்லாம் காயவைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். உனக்கு அதில் எவ்வளவு பங்கோ அவ்வளவு எனக்கும் உண்டு.

நேற்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை வீட்டிலும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டுக் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை நானும் வர்றேன்" என்றார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை நான் போகிறேன். அந்த இன்ஜினியர் பெண்ணைக் கூட்டிவந்து கூடையை எடுத்துவிட்டுக் காட்டப்போகிறேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். வெற்றிடம் இருக்கிறது என்று மட்டும்தான் என்னால் காட்ட முடியும். நீ கையெழுத்துப் போட்ட அன்றைக்குக் காலைவரை மணல் எந்த வீட்டுக்கு அடிவரை போயிருந்தது என்பது உனக்குத்தான் தெரியும். யாரை முதலில் காலி செய்யச் சொல்வது என்று அவர்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

உன் வேலை போய்விடும் என்று பயப்படுவாய். பாலங்களைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுகிற வேலை, இது தெரிந்தால் வைத்திருக்க மாட்டார்கள்தான். அதை நினைத்து நானும் அழுதேன். அழுது முடித்த பிறகும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் மனைவிக்குத் தெரியாது என்றால் இன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லிவிடு, அவள் நல்லவள். பிள்ளைகளுக்கு என் முத்தம். நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டாத நாள் இல்லை, இனியும் அப்படித்தான். கூட்டத்தில் அந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் உன் கடிதம் மின்னஞ்சலிலாவது அவர்கள் மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருக்கட்டும், கண்ணா. உன் பெயரை நீயே சொல்லிவிடு. என்னைச் சொல்ல வைக்காதே.

உன் அக்கா