எல்லாரும் நார்மல்

செவ்வாய் நிலையம், ரத்தப் பரிசோதனைக்கூடம்
நாள் 611, 08:10

எழுதுவது பொற்கொடி, லேப் டெக்னீஷியன். லேபுக்கு நான் ஒருத்திதான். காலை மாதிரிகள் நாற்பது. மெஷின் அளந்து, அர்த்தமும் எழுதிவிடும். கையெழுத்து மட்டும் என்னுடையது. எல்லாரும் நார்மல்.

முன்பு ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி நிறைய விழுந்தது. ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று நிர்வாகி தணிகாசலம் பூமியின் நார்மல் அளவுகளை மெஷினிலிருந்து நீக்கிவிட்டார். இப்போது இங்கிருப்பவர்களின் சராசரிதான் அளவு. வாராவாரம் மெஷினே அதைத் திருத்திக்கொள்கிறது. வேலை சுலபம். ஆனாலும் உட்கார்ந்தால் எழுந்திருக்க மலைப்பாக இருக்கிறது. இதற்கு 'செவ்வாய் அசதி' என்று பேர் வைத்திருக்கிறோம்.

நாள் 613, 09:30

சப்ளை கப்பலில் ஹசீனா வந்திருக்கிறாள். பைப் வெல்டர், காயல்பட்டினத்துக்காரி. இரண்டு இரண்டு படியாக ஏறி லேபுக்கு வந்தாள். பார்க்கவே எனக்கு மூச்சு வாங்கியது.

ஹீமோகுளோபின் பதினான்கு. சிவப்புக் குறி. மெஷின் எழுதியது: "மிகை. ரத்தம் கெட்டிப்படும் நோய். வாரம் இரண்டு யூனிட் எடுத்து வெளியேற்றவும். நார்மல் ஆகும்வரை வேலை கூடாது."

நாள் 613, 15:00

மனசு கேட்கவில்லை. பூமியிலிருந்து சீல் வைத்து வந்த கன்ட்ரோல் ரத்தத்தை ஓட்டினேன். மெஷினைச் சோதிப்பதற்கென்றே தயாரித்த, ஆரோக்கியமான ஆளின் அளவுள்ள ரத்தம். புட்டியில் போட்டிருக்கும் எண்ணே வந்தது. பக்கத்தில் "மிகை."

பிறகு என்னுடையது. எட்டு. "நார்மல்." நான் இங்கே வந்தபோது பதின்மூன்று.

நாள் 614, 10:20

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். என் சிவப்பணுக்கள் வெளிறி, உள்ளே நீலப் புள்ளிகள். உடம்பில் ஈயம் ஏறியதற்கு அடையாளம். குடிதண்ணீர்ப் பைப்பிலிருந்துதான் வரவேண்டும். நாற்பது பேரும் சேர்ந்தே கெட்டதால் சராசரியும் கூடவே இறங்கியிருக்கிறது. நல்லபடியாக இருப்பவள் ஹசீனா மட்டும்தான். பைப்பை மாற்றத் தெம்பிருப்பவளும் அவள்தான்.

டாக்டர் ஜெபராஜைக் கூப்பிட்டேன். அவர் பதில்: "நார்மல்னு நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டு அனுப்புறீங்க? நாப்பது பேர் தப்பு, நேத்து வந்த பொண்ணு சரியா? யோசிக்கவே அலுப்பா இருக்கு. மெஷின் சொன்னதச் செஞ்சிடுறேன்."

கோபம் வந்தது. அதைக் காட்டத் தெம்பில்லை.

நாள் 615, 11:00

பூமியின் அளவுகளை நானே திரும்ப ஏற்றினேன். நாற்பது ரிப்போர்ட்டும் சிவப்பு. உடனே தணிகாசலம்: "என்னம்மா, எல்லார் வயித்துலயும் புளியக் கரைக்கிறீங்க? இனிமே செட்டிங்க்ல கை வைக்காதீங்க." பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்.

பூமிக்கும் நமக்கும் நடுவில் இப்போது சூரியன். சில வாரங்களுக்குச் செய்தி போகாது.

நாள் 622, 14:40

ஹசீனாவிடமே சொன்னேன், ரத்தம் கொடுக்காதே, முதலில் பைப்பை மாற்று என்று. அவள் சொன்னது: "வேலை பாஸ் இல்லாம பைப் பக்கமே விடமாட்டேங்கிறாங்கக்கா. ரத்தம் எடுத்தாத்தான் பாஸாம். நான் என்ன செய்ய?"

எடுத்த பைகளை நோய்க் கழிவு என்று எரித்துவிட்டார்கள். இங்கே எல்லாருக்கும் தேவைப்படுகிற ரத்தம். உட்கார்ந்து அழுதேன்.

நாள் 633, 09:00

இதைக் கண்டெடுப்பவருக்கு. எண்களை நம்புங்கள். பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். தண்ணீரைக் குடிக்காதீ

நழுவி விழுந்த பேனாவை எடுத்துத் தொடர்கிறேன். ஹசீனாவுக்கு எட்டரை. "நார்மல். வேலைக்குத் தகுதி." நான் கையெழுத்துப் போடவில்லை. டாக்டரே போட்டு அனுப்பிவிட்டார்.

நாள் 633, 11:15

பைப் சுரங்கத்திலிருந்து ரேடியோவில் ஹசீனா: "பாஸ் வந்துட்டுக்கா. உள்ளதான் இருக்கேன். ஸ்பேனரத் தூக்க முடியல. கொஞ்சம் உக்காந்துக்கிறேன். இங்க எல்லாருக்கும் இப்படித்தானாமே."