அக்காவின் இரண்டாவது கிண்ணம்

சியோல்,
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? சோக்சோவில் குளிர் தொடங்கியிருக்கும். உன் முடிதிருத்தும் கடையில் வெகுநேரம் நிற்காதே. இங்கே நான் நலம், தூக்கம்தான் இல்லை.

என் புதுப் படத்தின் முதல் காட்சிக்குக் கடைப் பெண்களையும் கூட்டி வருவதாகவும், புது மேலங்கி எடுத்ததாகவும் சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வாழ்க்கையை நான் படமாக எடுப்பது இது முதல் தடவையல்ல. உன் விவாகரத்தைப் படமாக்கியபோது, "அந்த நடிகை என்னைவிட அழகா இருக்கா, அது போதும்டி" என்று சிரித்தாய். அந்தப் படத்தால்தான் எனக்குப் பெயர் கிடைத்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்தப் படத்தில் அப்பாவின் சாவு வருகிறது. மருத்துவமனையின் துக்க மண்டபத்தில், வந்தவர்களுக்கெல்லாம் காரமான மாட்டிறைச்சிச் சூப் பரிமாறிவிட்டு, கடைசியில் நீ உட்கார்ந்தாயே, அந்த இடம். அத்தை எல்லோர் காதிலும் விழும்படி, "அப்பன் போன துக்கத்துல பசி நல்லா எடுக்குதோ?" என்றாள். நீ தலை நிமிராமல் சொன்னாய்: "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் சூடா சாப்பிடறேன் அத்தை. அவருக்கு ஊட்டி முடிக்கறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போயிடும். இன்னொரு கிண்ணம் ஊத்துங்க."

படத்தில் அத்தையின் குத்தல் இருக்கிறது. இரண்டாவது கிண்ணமும் இருக்கிறது. உன் பதில் இல்லை. போன வாரம் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். அந்த இடத்தில் அரங்கமே சிரித்தது. தயாரிப்பாளர் மேங், "இந்தச் சிரிப்பு ஒண்ணு போதும், படம் ஓடிடும்" என்று என் தோளைத் தட்டினார். உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

நீளம் கருதி வெட்டினேன் என்று படத்தொகுப்பாளரிடம் சொன்னேன். பொய், அக்கா. அந்தப் பதில் வந்தால், இத்தனை வருஷமும் வேறு யாருமே ஊட்ட வரவில்லையா என்று பார்ப்பவர் கேட்பார். அதனால்தான் படத்தில் அப்பாவுக்கு ஒரே மகள். அந்த வருஷங்களில் நான் திரைவிழா திரைவிழாவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன் என்பதை என்னால் எடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வரை மாற்றலாம். உன் பதிலைச் சேர்த்தால் சிரிப்பு போய்விடும் என்று மேங் கத்துகிறார், கத்தட்டும். சேர்க்கட்டுமா, அந்த இடத்தையே வெட்டிவிடட்டுமா? சொல்ல வேண்டியவள் நீதான்.

தொலைபேசியில் கேட்டால் உடனே மன்னித்துவிடுவாய். அதனால் கடிதம். உன்னை வேண்டிக் கேட்கிறேன், அக்கா. கோபமிருந்தால் கோபமாகவே எழுது. "உன் இஷ்டம்டி" என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் தங்கை,
ஹே-வொன்