உளுந்தின் மேல் ஓடிய சக்கரம்

உன் உடலின் மேல் விவசாயிகள் சங்கத்துக் கொடியைப் போர்த்தாமல் எடுத்துப் போனார்கள். செய்யாத ஒன்றுக்காக உன்னைச் சங்கத்திலிருந்து நீக்கியவர்கள், நீ செத்த பிறகும் அதை மாற்றவில்லை. இது அநியாயம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. சங்கக் கொட்டகையில் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துத் தேறியவன்.

இன்று காலை காரின் சக்கரங்களைக் கழுவ உட்கார்ந்தேன். மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த பழைய கார். எப்போதாவது ஆள் வைத்துத் திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போவதோடு சரி. நிற்கிற வண்டியின் டயர் ஒரே இடத்தில் அழுந்திப்போகும் என்று நீ சொல்வாய். அதனால் தனியாகத் தோள்கொடுத்து அவ்வப்போது அரைச்சுற்று உருட்டி வைக்கிறேன். என் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த வீட்டில் இடம் மாறுவது அது ஒன்றுதான்.

டயருக்குப் பூசினால் மின்னும் என்று டிரைவர் ஒரு டப்பாவை விட்டுப் போயிருந்தான். மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெய் வாடை. அப்படியே மூடிவிட்டேன். அதன் பிறகு வேலை ஓடவில்லை.

நீ மிராசுதார் வீட்டுக் காரை ஓட்டினாய். ஆனால் எங்கள் தெருக்காரன், எங்கள் சங்கத்து ஆள். ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம். சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளிக்கிற உளுந்து குத்தகைக்காரனுக்கே சொந்தம் என்பது வழக்கம். அந்த வருஷம் அதிலும் பங்கு வேண்டும் என்றார் மிராசுதார். தரமாட்டோம் என்றோம். ஊரே முறுக்கிக்கொண்டு நின்றது.

பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கித் தார்ச் சாலையில் பரப்புவோம். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிர்ந்துவிடும். வருஷாவருஷம் நீ மிராசுதாருக்குத் தெரியாமல் காரைக் கொண்டுவந்து எங்களுக்காக முன்னும் பின்னும் ஓட்டுவாய். அதற்கு முன் சக்கரங்களைக் கழுவாமல் வரமாட்டாய். தென்னை ஈர்க்கால் டயர் இடுக்கிலிருந்து களிமண்ணை நோண்டி எடுப்பாய், சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்ப்பாய், ஈரம் காயும்வரை காத்திருப்பாய்.

"என்னடா, பொண்ணு பாக்கவா போற?" என்று நான் கேலி செய்வேன்.

"திங்கிற பொருள்டா. நீங்க செருப்பக் கழட்டிட்டு மிதிக்கிறீங்க. என் வண்டி மட்டும் செருப்போட வரணுமா?" என்பாய்.

அந்த வருஷமும் அப்படித்தான் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாய். வந்து காரை எடுத்து ஓட்டினாய். செடியைப் புரட்டிப்போட்ட பெண்கள்தான் முதலில் மூக்கைப் பொத்தினார்கள். உளுந்து முழுக்க மண்ணெண்ணெய் வாடை. வியாபாரி ஒரு பிடி முகர்ந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பங்கு கொடுக்காததற்கு மிராசுதார் உன்னை வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். சங்கக் கொட்டகையில் உன்னை நடுவில் நிறுத்தினோம். "நான் தண்ணி ஊத்தித்தான் கழுவினேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாய்.

"ஓட்டுறப்ப நாத்தம் தெரியலையா? மூக்கையும் ஆண்டை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?" என்றான் மாரியப்பன். அன்று அவன்தான் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நாள் முழுக்கப் பெட்ரோல் வாடையில் கிடக்கிறவனுக்கு இது தனியாகத் தெரியாது என்றேன். என் குரல் எடுபடவில்லை. உன்னை நீக்கக் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. கெட்டுப்போனதில் என் உளுந்தும் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், எனக்குப் பேச உரிமை உண்டு.

நீ அதன் பிறகு கொட்டகைப் பக்கம் வரவில்லை. என் வீட்டுக்கும் வருவதைக் குறைத்துக்கொண்டாய். "என்னோட நின்னா ஒன்னையும் ஒதுக்கிடுவானுங்க, போடா" என்றாய். ஒதுக்கத்தான் செய்தார்கள். அதற்காக நான் உன்னை விட்டேனா?

மிராசுதார் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த அஞ்சலை, அந்த வேலையை விட்டு வந்த பிறகு என்னிடம் சொன்னாள். நீ சாப்பிடப் போன நேரத்தில், ஊரிலிருந்து வந்திருந்த மிராசுதாரின் மாப்பிள்ளை, டயரில் ஒட்டியிருந்த தாரைப் போக்கத் துணியை மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தார் ஒட்டினால் எல்லா வீட்டிலும் செய்வதுதான். உளுந்து மேல் ஓடப்போகிற வண்டி என்று அவருக்கு யார் சொன்னார்கள்? உன்னிடமும் யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் போய் ஒரு வார்த்தை விசாரிக்காமல் கை தூக்கினார்களே, குற்றம் அங்கேதான்.

மாரியப்பனிடம் போய்ச் சொன்னேன். "பழைய கதையக் கிளறாதீங்க. இப்ப அதனால யாருக்கு என்ன லாபம்?" என்றான். உன்னிடம் சொன்னேன். "அவனுங்களா வந்து சொல்லட்டும்டா" என்றாய். ஐப்பசி மழையில் உன்னைத் தூக்கிப் போகும்வரை யாரும் வந்து சொல்லவில்லை.

இனி நடக்க வேண்டியது இது. மாரியப்பன் கூட்டம் கூட்ட வேண்டும். தடி ஊன்றியாவது வர வேண்டும். அஞ்சலை நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அன்று கை தூக்கியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் தவறு என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். இறந்தவர்களுக்காக அவர்கள் பிள்ளைகள் சொல்ல வேண்டும். இப்போதைய செயலாளர் உன்னை நீக்கியது செல்லாது என்று அறிவித்து, உன் மகள் வீட்டுக்குக் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போக வேண்டும். அவள் வாங்க மறுத்தால், வாங்கும்வரை வாசலில் நிற்க வேண்டும்.

அதுவரை நான் சாகாமல் இருக்க வேண்டும்.