சொந்தத் தங்கச்சி மகள்தான், ரத்த சொந்தம் இல்லை

வண்டன்மேடு,
ஞாயிறு

அன்பு மகன் வினோவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நீ மஸ்கட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அப்புறம் கூப்பிடுறேம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால் லீவில் வந்த உன் கூட்டாளியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அக்கா ஜிபியின் குழந்தை ஜெஸ்னாவுக்குத் தலசீமியாவாம், மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். குழந்தைகள் டாக்டர் எங்களை உட்காரவைத்து, ஜிபிக்கும் அவள் புருஷனுக்கும் ரத்தபந்தமுண்டோ என்று கேட்டார். அவளுடைய மாமனார், உன் சூசையப்பன் மாமா முந்திக்கொண்டு, "ரத்த சொந்தமெல்லாம் கெடையாது சாரே, எஞ் சொந்தத் தங்கச்சி மகதான்" என்றார். டாக்டர் முதல் பாதியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார், வெளியே நாற்பது பேர் நிற்கும்போது மறுபாதிக்கு எங்கே நேரம். கட்டிக்கொடுத்ததும் தங்கச்சி என் உடம்பில் வேறு ரத்தம் ஊறும் போலிருக்கிறது. பிறகு மூன்றே நிமிடத்தில் கட்டமும் வட்டமும் போட்டு, நாலில் ஒன்று என்று சொல்லி, "மனசிலாயோ?" என்றார். ஒன்றும் புரியாமலே, பூசையில் பதில் சொல்வது போல "மனசிலாயி" என்றோம், நானும்தான்.

வெளியே வந்ததும் மாமா ஜிபியிடம், "நாலுல ஒண்ணு வந்தாச்சு, இனி மூணுக்குப் பயமில்ல, அடுத்ததப் பெத்துக்க" என்கிறார். அங்கே நின்ற சின்னக்கானல் நர்ஸ் பிள்ளை அவர் சட்டைப்பையில் தெரிந்த லாட்டரிச் சீட்டைக் காட்டி, "அண்ணாச்சி, நேத்து விழலன்னு இன்னைக்கு உங்களுக்குன்னு எடுத்து வைப்பானா? ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாத்தான் குலுக்கு" என்றாள். தாய், தகப்பன் இரண்டு பேரிடமும் வெளியே தெரியாமல் இது இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வருமாம், ஒருவரிடம் மட்டும் என்றால் வராதாம். டாக்டரும் இதைத்தான் சொல்லியிருப்பார். நான் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், எனக்கு இருக்கிறது. மாமா பார்க்கமாட்டார், அவர் வம்சத்தில் குற்றமே கிடையாதாம். உனக்குப் பேசிவைத்த அவர் மகள் மோனிஷாவும் பார்க்கக்கூடாதாம், பேர் கெட்டுவிடுமாம். ஜனவரியில் நிச்சயம் என்று சாமியாரிடம் தேதி கேட்டாயிற்று.

மோனிஷா யாருக்கும் சொல்லாமல் கட்டப்பனை போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அத்தே, எனக்கு இருக்கு. அத்தானப் பாக்கச் சொல்லுங்க. அவருக்கும் இருந்தா நாந்தான் வேண்டாம்னேன்னு அப்பாட்ட சொல்லிருங்க, உங்களுக்குள்ள சண்ட வேண்டாம்" என்றாள். அந்தப் பழியை அவள் தலையில் போட நான் சம்மதிக்கமாட்டேன். உனக்கும் இருந்தால் உன் வாயால், உன் ரத்தத்திலும் இருப்பதைச் சேர்த்து, மாமாவிடம் நீயே சொல்.

இயேசு உன் கூடவே இருக்கட்டும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலையாதே. இந்த வாரமே லேபுக்குப் போ. ரிசல்ட் எதுவானாலும் முதலில் மோனிஷாவுக்குச் சொல், அப்புறம் எனக்கு.

உன் அம்மா,
இன்பமேரி