வெளிச்சம் கூட்டிய படம்

மார்ச் 9, ஞாயிறு, காலை 11 மணி. தங்கை மெயிலில் அனுப்பிய லிங்கில் 43 படங்கள்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று இனிச் சும்மா கேட்க மாட்டேன்.

தங்கையின் பிறந்தநாள் படங்கள் ஒரே இருட்டு. இருட்டில் உள்ளதையும் சேர்த்து வைத்திருக்கும் ரா கோப்புகளை அனுப்பச் சொன்னேன். அவற்றைத் திருத்தும் மென்பொருளை வாங்கலாமா என்று இலவசமாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டியதும் தூக்கிவாரிப்போட்டது. மூலையில் அப்பா வாக்கரைப் பிடித்து நிற்கிறார்!

உடனே தங்கைக்குப் போன் போட்டேன். "அய்யய்யோ, அது தெரியுதா? அம்மா என்னைக் கொன்னுடுவாங்க அண்ணா!" என்கிறாள்.

போன வாரம்கூட "அப்பா கடைக்குப் போயிருக்காங்க" என்றீர்களே அம்மா, வாக்கரோடா? வெளியூரில் தனியாக இருக்கும் எனக்குப் பேச இருப்பதே நீங்கள் மூன்று பேர்தான்.

இனி நான் செய்யப்போவது:

1. மென்பொருளை இன்றே வாங்குவேன். நம் வீட்டுக்கு அது அவசியம்.
2. அப்பாவைப் பார்க்க ஊருக்கு வர நாளை லீவு கேட்பேன்.
3. இன்று மாலை ஆறு மணிக்கு வீடியோ கால். அப்பாவே நடந்து வந்து எடுக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் வைக்க மாட்டேன்.